பழைய வேனில் ஏசி குளிரவில்லையா? கேஸ் போடும் முன் கசிவைத் தேடுங்கள்

எங்கள் வீட்டு வேன் 2012 மாடல் மாருதி ஈக்கோ, ஐந்து பேர் உட்காரும் ஏசி வண்டி. மூன்று வருஷம் தொடர்ந்து, கத்திரி பிறக்கும் முன்பாக ஏப்ரல் கடைசியில் அதற்கு கேஸ் அடித்தோம். அடித்த அன்று ஜில்லென்று இருக்கும். ஆடி வருவதற்குள் வெறும் காற்றுதான் வரும். "பழைய வண்டி சார், வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் போட்டுத்தான் ஆகணும்" என்று கடையில் சொன்னார்கள். பெட்ரோல் மாதிரி இதுவும் ஓட ஓடத் தீர்கிற பொருள் என்றே நாங்களும் நினைத்துவிட்டோம். நான்காவது வருஷம் திருச்சியிலிருந்து பழனிக்குப் போகும்போது, பின் சீட்டில் அம்மா முந்தானையை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டே வந்தார். அன்றைக்குத்தான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு சரிசெய்வது என்று முடிவெடுத்தேன்.

ஏசி கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்கி கண்டென்சருக்கு அனுப்பும். அங்கே வெளிக்காற்றில் சூட்டை விட்டுத் திரவமாகும். டிரையர் பாட்டிலில் ஈரமும் தூசியும் வடிகட்டப்பட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறிய துளை வழியாக கூலிங் காயிலுக்குள் பீறிட்டு, அங்கே ஆவியாகும்போது வண்டிக்குள் இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு மறுபடி கம்ப்ரசர். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் வருஷக்கணக்கில் கொஞ்சம் குறையும், அது உண்மைதான். ஆனால் ஒரே கோடையில் குளிர் காணாமல் போகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. கேஸோடு ஆயிலும் கசிந்து போவதால், கடைசியில் கம்ப்ரசரும் சுற்ற முடியாமல் இறுகிப்போகும்.

கீழே சொல்வது ஈக்கோவை மனதில் வைத்து எழுதியது. ஆர் 134ஏ எனும் ஏசி கேஸில் ஓடும் வேன்கள் எல்லாவற்றுக்கும் முறை இதேதான். பின்னால் தனி கூலிங் காயில் உள்ள இரட்டை ஏசி வேன் என்றால், தரைக்கு அடியில் பின்பக்கம் ஓடும் நீளமான பைப்புகளையும் சேர்த்துப் பாருங்கள். சேறும் கல்லும் படும் இடம் என்பதால் கிளாம்ப் உரசும் இடங்களில் அவை அரித்துப்போகும்.

கேஸைத் தொடாமல் முதலில் பார்க்க வேண்டியவை

குளிரவில்லை என்றவுடன் கேஸைச் சந்தேகிக்க வேண்டாம். ப்ளோயரை நான்கு ஸ்பீடிலும் வைத்துப் பாருங்கள். கடைசி ஸ்பீடு மட்டும் வேலை செய்து மற்றவை செய்யவில்லை என்றால் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. எல்லா ஸ்பீடும் இருந்தும் காற்று மெலிதாக வருகிறது என்றால் கூலிங் காயில் அடைத்திருக்கும். பழைய வேன்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது, ரோட்டுத் தூசி நேராகக் காயிலில்தான் போய் ஒட்டும்.

அடுத்தது கண்டென்சர். வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பது. ஈசல், புழுதி, பிளாஸ்டிக் உறை எல்லாம் அதன் இடுக்கில் அப்பியிருக்கும். சாதாரண ஹோஸ் தண்ணீரால், முடிந்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்றே போகாது. ஏசி போட்டதும் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிற வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஃபேனோ அழுக்கான கண்டென்சரோதான் காரணம்.

ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் குமிழ் முழுவதும் குளிர் பக்கம் போனாலும், உள்ளே கேபிள் கழன்று சுடுதண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இது தெரியாமல் கம்ப்ரசரையே மாற்றிவிட்டார்.

கிளட்ச் 'டக்' என்கிறதா

இங்கே கிளட்ச் என்பது கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் காந்தத் தட்டு. ஈக்கோவில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால் சீட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும். கையையும் துண்டையும் பெல்ட்டுக்குத் தூரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏசி ஸ்விட்சைப் போட, கம்ப்ரசர் முனையில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து, புல்லியோடு நடுத்தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும்.

சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பிரஷர் ஸ்விட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். கேஸ் மிகவும் குறைந்துவிட்டால் இந்த ஸ்விட்ச்தான் கிளட்சுக்குக் கரண்ட் போகாமல் தடுக்கும். ஸ்விட்ச்சின் இரண்டு வயரையும் இணைத்து கம்ப்ரசரை ஓட வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கேஸ் இல்லாத சிஸ்டத்தில் ஆயில் சுற்றாது, கம்ப்ரசர் வறண்டு ஓடும்.

கிளட்ச் வயரில் 12 வோல்ட் வந்தும் பிடிக்கவில்லை என்றால் மல்டிமீட்டரில் கிளட்ச்சின் காந்தக் காயிலின் ஓம் பாருங்கள். பொதுவாக 3 முதல் 4 ஓம் இருக்கும். எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. காலையில் பிடித்து, வண்டி சூடானதும் விட்டுவிடுகிறதா? கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். அரை மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டியது, தேய்ந்து ஒரு மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் சூட்டில் காந்தம் இழுக்காது. தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் மெல்லிய வாஷரில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். பத்து நிமிட வேலைக்குப் பதிலாகப் புது கம்ப்ரசர் விற்கப்படுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சில விநாடிக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விடுகிறது என்றால் அது கேஸ் குறைவுக்கான பழைய அறிகுறி. அதை உறுதிசெய்ய, கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் வேண்டும்.

கேஜ் சொல்வது

நீலம் லோ சைடு, அதாவது கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குறைந்த அழுத்தப் பக்கம். சிவப்பு ஹை சைடு, கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் பக்கம். ஆர் 134ஏ வண்டிகளில் இரண்டு போர்ட்டும் வெவ்வேறு அளவு, மாற்றிப் போட முடியாது. கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதைத் தொடாதீர்கள். திரவ கேஸ் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது, கண்ணில் பட்டால் பார்வை போகும்.

முதலில் இன்ஜின் ஓடாமல், வண்டி ஆறியிருக்கும்போது பாருங்கள். இரண்டு முள்ளும் ஒரே அளவில் நிற்கும். 30 டிகிரி வெயிலில் சுமார் 95 பிஎஸ்ஐ, 35 டிகிரியில் 115-ஐ ஒட்டிக் காட்டினால் உள்ளே ஓரளவாவது திரவ கேஸ் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். போதுமான அளவு இருக்கிறதா என்று இது சொல்லாது. ஐம்பது அறுபதுதான் காட்டுகிறது என்றால் பெரும்பகுதி போய்விட்டது.

பிறகு இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து, ஏசி முழுக் குளிரில், ப்ளோயர் முழு வேகத்தில், கதவுகள் திறந்தபடி. நம் ஊர் வெயிலில் லோ 30 முதல் 45 வரை, ஹை 200 முதல் 275 வரை இருந்தால் பழைய வண்டிக்கு நல்ல நிலைதான். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கண்டென்சரில் காற்று போகவில்லை, அல்லது யாரோ கேஸை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. லோ பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி வெற்றிடம் காட்டினால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. டிரையரைத் தொட்டுப் பாருங்கள், அதன் ஒரு முனை சுட்டு மறுமுனை வியர்த்திருந்தால் அடைப்பு அங்கேதான்.

லோ உயர்ந்து ஹை தாழ்ந்து, இரண்டு முள்ளும் கிட்டக் கிட்ட நின்றால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. இன்னொன்று உண்டு, அதுதான் பலரைக் குழப்புவது: பத்து நிமிடம் நன்றாகக் குளிர்ந்து, திடீரென்று நின்று, ஏசியை அணைத்துச் சற்று நேரம் கழித்துப் போட்டால் மறுபடி குளிரும். உள்ளே ஈரம் இருக்கிறது. அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைக்கிறது, அணைத்ததும் உருகிவிடுகிறது. வேக்யூம் போடாமல், அதாவது பம்ப்பால் உள்காற்றை உறிஞ்சி எடுக்காமல், டாப்-அப் மட்டும் செய்த வண்டிகளில் இது சகஜம்.

கசிவைத் தேடுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். என் வண்டியில் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

கேஸ் போகும் இடத்தில் ஆயிலும் வெளியேறும். அதில் புழுதி ஒட்டிக் கருப்பாகப் படிந்திருக்கும். டார்ச் எடுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள்: கம்ப்ரசரின் முன் மூக்கு, அதன் பின்னால் ஹோஸ் சேரும் இடம், கண்டென்சரின் ஓரங்களும் கீழ் வரிசையும், டிரையரின் இரு முனை, ரப்பர் ஹோஸைப் பைப்போடு நெரித்திருக்கும் வளையம், கேஜ் மாட்டும் போர்ட்டின் உள்ளே இருக்கும் சிறிய வால்வு. கடைசியில் சொன்னதை யாரும் பார்ப்பதே இல்லை. பைக் டயர் வால்வு போல இருக்கும் அந்தச் சின்னப் பொருளும் அதன் மேல்மூடியும் ஒழுங்காக இல்லாமலே வருஷா வருஷம் கேஸ் போகும் வண்டிகள் உண்டு.

சந்தேகப்பட்ட இடத்தில் சோப்பு நுரையைத் தடவிப் பார்க்கலாம். உள்ளே அழுத்தம் குறைவாக இருந்தால் நுரை எழாது. அப்போது கடையில் நைட்ரஜன் ஏற்றி 150 பிஎஸ்ஐ வரை கொண்டுவந்து பார்க்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் இல்லாமல் நைட்ரஜனை இணைக்கக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டவே கூடாது. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் வேண்டாம். ஈரம் புகும், அழுத்தத்தில் காற்றோடு கலந்த ஆர் 134ஏ தீப்பிடிக்கவும் கூடும். மெதுவான கசிவுக்கு யூவி டை, அதாவது புற ஊதா ஒளியில் மின்னும் சாயம், நல்லது. சில மில்லி ஊற்றி, ஒரு வாரம் ஓட்டி, இருட்டில் யூவி டார்ச் அடித்தால் கசியும் இடம் பச்சை மஞ்சளாக மின்னும்.

என் வண்டியில் வெளியே எங்கும் கறை இல்லை. கூலிங் காயிலிலிருந்து தண்ணீர் சொட்டும் வடிகுழாயின் நுனியை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் மெல்லிய பச்சைப் பிசுபிசுப்பு. முந்தைய கோடையில் கடைக்காரர் ஊற்றிய டை! ஆக, ஓட்டை டேஷ்போர்டுக்குள்.

கிளவ் பாக்ஸைக் கழற்றி, ப்ளோயர் பெட்டியை நகர்த்தி, காயில் உறையின் கிளிப்புகளை எடுத்துத் திறந்தபோது எனக்கு வாயடைத்துப்போனது. எங்கள் வாசல் வேப்பமரத்து இலைக் காம்புகளும் பூவும் புழுதியும் சேர்ந்து பாய் போல நெய்து காயிலின் ஒரு முகத்தை முழுக்க மூடியிருந்தன. அதை விரலால் உரித்தால் கம்பளி மாதிரி ஒரே துண்டாக வந்தது. கீழ் மூலையில், ஈரம் எப்போதும் தேங்கியிருக்கும் இடத்தில், அலுமினியம் வெண்மையாகப் பொரிந்து, ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆயில் கறை. நனைந்த குப்பை மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து அந்த இடத்தை அரித்திருக்கிறது. மூன்று வருஷத்து கேஸும் அந்த ஊசித்துளை வழியாகத்தான் போயிருக்கிறது. மரத்தடியில் நிறுத்தும் வண்டி என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்று வழியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். நிழலுக்காக மரத்தைத் தேடும் நம் ஊரில் இதை யாரும் சொல்வதில்லை.

காயிலில் ஓட்டை என்றால் ஒட்டுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு இடம் அரித்தால் பக்கத்து இடமும் மெலிந்துதான் இருக்கும். கேனில் வரும் கசிவடைப்பு மருந்து இன்னும் மோசம், எக்ஸ்பான்ஷன் வால்வையும் கடைக்காரரின் மெஷினையும் சேர்த்து அடைக்கும்.

கழற்றி மாற்றுவது

சிஸ்டத்தைத் திறக்கும் முன் மிச்சமிருக்கும் கேஸை ரெக்கவரி மெஷினில் எடுக்க வேண்டும். காற்றில் திறந்துவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. ஆர் 134ஏ ஓசோனைத் துளைக்காது, ஆனால் ஒரு கிலோ வெளியேறினால் அது ஆயிரம் கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். மெஷின் இருக்கும் கடையாகத் தேடிப் போங்கள். மூடிய அறையில் திறந்தால் மூச்சு முட்டும், நெருப்புப் பட்டால் நச்சுப் புகையாக மாறும். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

காயிலை மாற்றும்போது அதோடு ஒட்டியிருக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றிவிடுங்கள். டேஷ்போர்டை இன்னொரு முறை பிரிக்கும் கூலியை நினைத்தால் வால்வின் விலை பெரிதல்ல. டிரையரைக் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும். அதற்குள் இருக்கும் குருணை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சிஸ்டம் சிலமணி நேரம் திறந்து கிடந்தாலே நிறைந்துவிடும். புது டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். கழற்றிய பைப் முனைகளை எல்லாம் உடனே பாலித்தீன் சுற்றி மூடுங்கள்.

திறந்த ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதிதாகப் போட வேண்டும். ஆர் 134ஏ-வுக்கு உரிய வகை பெரும்பாலும் பச்சை நிறத்தில் கிடைக்கும். சாதாரண பிளம்பிங் ரப்பர் சில மாதத்தில் உப்பிக் கிழியும். மாட்டும் முன் கம்ப்ரசர் ஆயிலில் தொட்டு எடுங்கள். அலுமினிய நட் என்பதால் இரண்டு ஸ்பேனர் வைத்து, ஒன்றால் பைப்பைப் பிடித்து மற்றொன்றால் திருகுங்கள். ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் பைப்பே திருகிக்கொள்ளும்.

ஆயில் விஷயத்தில் கவனம் தேவை. இந்த வண்டிகளுக்குப் போடுவது பிஏஜி வகை ஆயில், எந்த எண் என்று கம்ப்ரசர் லேபிளில் இருக்கும். புதுக் காயிலுக்கு 30 முதல் 50 மில்லி, டிரையருக்குப் பத்து இருபது மில்லி என்று சேர்ப்பது வழக்கம். இந்த ஆயில் ஈரத்தை வேகமாக இழுக்கும் என்பதால், பாதி திறந்து அலமாரியில் கிடந்த டப்பாவை ஊற்ற விடாதீர்கள்.

பழைய ஆயில் கருப்பாக, உலோகத் தூள் மினுங்க வந்தால் கம்ப்ரசர் உள்ளே அரைபட்டிருக்கிறது. கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் அந்தத் தூள் புதியதையும் தின்றுவிடும். பைப்புகளை ஃப்ளஷ் செய்து, கண்டென்சர், டிரையர், வால்வு மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். நுண்துளைகள் கொண்ட இன்றைய கண்டென்சரை முழுக்கக் கழுவி எடுக்க முடியாது.

வேக்யூம்

இதில் யாரும் அவசரப்படுத்த இடம் கொடுக்காதீர்கள். "அஞ்சு நிமிஷம் போதும் சார்" என்பார்கள். போதாது. வேக்யூம் போடுவது காற்றை எடுக்க மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக வெளியேற்றவும்தான். கேஜ் 29 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் வெற்றிடத்தில் தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதிக்கும். நம் ஊர் வெயிலே அடுப்பு. ஆனாலும் நேரம் வேண்டும், குறைந்தது 45 நிமிடம் பம்ப் ஓடட்டும். ஊட்டி போன்ற உயரத்தில் கேஜ் 23-ஐத் தாண்டாது, அங்கே காற்றழுத்தமே அவ்வளவுதான், பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

பிறகு வால்வுகளை மூடிவிட்டு பம்ப்பை நிறுத்தி, அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். அசையவே கூடாது. மெல்ல ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் கசிவு இன்னும் இருக்கிறது. எங்களுக்கு முதல்முறை ஏறிக்கொண்டே போனது. டிரையர் முனையில் பழைய ஓ-ரிங் எடுபடாமல் உள்ளேயே இருந்து, அதன்மேல் புதியது மாட்டப்பட்டிருந்தது. கேஸ் ஏற்றும் முன்பே தெரிந்ததால் தப்பித்தோம்.

எடை பார்த்து கேஸ் ஏற்றுவது

எத்தனை கிராம் என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ சர்வீஸ் மேனுவலிலோ இருக்கும். சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த அளவை மட்டும் ஏற்ற வேண்டும். முள்ளைப் பார்த்து, பைப்பைத் தொட்டுப் பார்த்து ஏற்றுவது கணக்கில் சேராது. ஐம்பது நூறு கிராம் கூடினாலும் குளிர் குறையும்.

முதலில் ஹோஸில் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். இன்ஜின் ஓடாமல் ஒரு பகுதியை ஏற்றிவிட்டு, மிச்சத்தை இன்ஜின் ஓடும்போது நீலப் பக்கம் வழியாக, கேனை நிமிர்த்திப் பிடித்து, ஆவியாக மட்டும் கொடுங்கள். ஓடும்போது சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. ஹை சைடு அழுத்தம் திரும்பி வந்து கேன் வெடிக்கும். கேன் குளிர்ந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், நெருப்பு காட்டாதீர்கள்.

கேஸின் தரம் பற்றி ஒரு வார்த்தை. பெயர் தெரியாத மலிவு கேன்களில் வேறு கேஸ் கலந்திருக்கலாம். மீதைல் குளோரைடு எனும் ஆர் 40 கலந்தால் அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். சமையல் கேஸ் ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். காயில் கசிந்தால் அது குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நிறையும்.

1990-களின் மிகப் பழைய வேன் என்றால் அதில் ஆர் 12 இருந்திருக்கலாம். ஓசோனைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி கைவிடப்பட்ட அந்த கேஸுக்குப் பதிலாக ஆர் 134ஏ ஏற்றலாம். ஆனால் பழைய மினரல் ஆயிலை எடுத்து, ஓ-ரிங், டிரையர், போர்ட் எல்லாம் மாற்றிய பிறகுதான். அளவும் பழைய எடையில் 80 முதல் 85 சதவீதம் போதும்.

முடிந்ததும் ஒரு தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி, உள்காற்றுச் சுழற்சியில் வைத்து, பத்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வந்தால் வேலை சரி. வண்டிக்கு அடியில் வடிகுழாயிலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டாமல் காலடியில் ஈரமானால் குழாய் அடைத்திருக்கிறது.

எங்கள் வண்டியில் அன்று 9 டிகிரி வந்தது. தேதி, ஏற்றிய கேஸின் எடை, ஆயிலின் அளவு, வென்ட் சூடு நான்கையும் ஒரு சீட்டில் எழுதி கிளவ் பாக்ஸின் உள்பக்கம் ஒட்டினேன். அடுத்த கத்திரியில் அதே தெர்மாமீட்டரை அதே வென்ட்டில் செருகினேன். 10 காட்டியது. கேஸ் போடவில்லை.